எண்ணூர் முதல் பெரியபாளையம் வரை: பழைய கார்களும் அவற்றின் பூர்வீகமும்

ஒரு பழைய கார் விற்பனைக்கு வரும்போது மூன்று விஷயங்களை வைத்துத்தான் விலை பேசப்படுகிறது. அந்த வகையில் எத்தனை கார்கள் மிஞ்சியிருக்கின்றன, பிறந்தபோது இருந்த உறுப்புகளில் எவ்வளவு இன்னும் அதில் இருக்கின்றன, யார் யார் கையில் இருந்தது என்பதற்குக் காகிதம் இருக்கிறதா. 2022 மே மாதம் ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் 300 எஸ்.எல்.ஆர். உலன்ஹாட் கூப்பே 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. உலகில் ஒரு காருக்குக் கிடைத்த மிக உயர்ந்த ஏல விலை அது. மொத்தம் இரண்டே கார்கள் செய்யப்பட்டன. விற்கப்பட்ட கார் 1955 முதல் அன்றுவரை செய்த நிறுவனத்தின் கையை விட்டுப் போனதே இல்லை. அதன் பூர்வீகத்தில் ஒரு நாள்கூடக் கேள்விக்குரியதாக இல்லை. திருவள்ளூர்ப் பக்கத்து ஷெட் ஒன்றில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இதே கணக்குதான். தொகைதான் வேறு.

பெரியபாளையத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், தமிழகத்து மோட்டார் வரலாற்றின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். தென்கிழக்கே எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகள். தென்மேற்கே திருவள்ளூரில் லான்சர் கார் பிறந்த தொழிற்சாலை. செங்குன்றம் போகும் வழியில் சோழவரம் பந்தயத் திடல். வடகிழக்கே கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகள். ஆடி மாதம் பெரியபாளையத்துப் பவானியம்மனுக்குப் பொங்கல் வைக்கக் குடும்பம் குடும்பமாக வந்தவர்களை அம்பாசிடர்கள் ஏற்றிவந்ததும் இந்தச் சாலைகளில்தான். ஆனால் பழைய கார்களைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்களைச் சுற்றியே நிற்கிறது. வடசென்னையின் தொழிலாளிகள் பூட்டி முடுக்கி அனுப்பிய கார்களுக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும். அவற்றில் மிஞ்சியிருப்பவை குறைவு.

சென்னையின் கார் கதை தொடக்கத்திலேயே உள்ளூர்க் கைவேலையோடு கலந்துவிட்டது. குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் அது. நகரத்து வண்டிகளுக்கு எம்.சி. என்ற எழுத்துகளோடு எண் கொடுக்கப்பட்ட காலத்தில், எம்.சி. 1 சென்னைத் துறைமுகத்தை நவீனமாக்கிய சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்குக்குச் சேர்ந்தது. எம்.சி. 3 விக்டோரியா பொது மண்டபத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியாருக்கு. சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் அவர் என்பார்கள். இந்த எண்களில் ஒன்றைத் தாங்கிய கார் இன்று கிடைத்தால், எண் பலகையே காரைவிட அதிகம் பேசப்படும்.

அடுத்த கட்டம் பெட்டியில் வந்த கார்கள். வெளிநாட்டில் பிரித்துக் கட்டிய உதிரிகளைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டுவது வாடிக்கையானது. ஃபோர்டு அப்படிச் செய்தது. மௌன்ட் ரோடு அடிசன் நிறுவனம் மாரிஸ் கார்களைப் பூட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இந்த வழக்கத்தை நிறுத்த நினைத்தது. உதிரிகளைப் படிப்படியாக இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேற வேண்டும் என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்ததும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. இந்த ஒரு முடிவுதான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தியச் சாலையில் எந்தக் கார்கள் ஓடும் என்பதைத் தீர்மானித்தது. இன்றைய சேகரிப்பாளருக்கும் இது முக்கியம். 1953க்கு முந்தைய சென்னைக் காரில் ஏகப்பட்ட ரகங்கள் உண்டு. பிந்தையதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே.

எண்ணூரின் கதை இந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்பே தொடங்குகிறது. ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கி, தன் மகன் பெயரையே வைத்த அசோக் மோட்டார்ஸ், 1949இல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. 1,200 சி.சி. எஞ்சின், தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உருண்டையான உடல், நான்கு பேர் தாராளமாக உட்காரும் உள்வெளி. சில ஆண்டுகளிலேயே லேலண்ட் நிறுவனம் கைகோத்து, லாரி, பஸ் பக்கம் ஆலை திரும்பிவிட்டது. 1955இல் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது. உலகமறிந்த லாரி நிறுவனத்தின் முதல் பொருள் ஒரு குடும்பக் கார் என்பதை இன்று எண்ணூரிலேயே பலர் அறியமாட்டார்கள். கொஞ்ச காலமே பூட்டப்பட்டதால், எண்ணூர்ப் பூர்வீகம் காகிதத்தோடு நிரூபிக்கப்பட்ட ஏ40 ஒன்று விற்பனைக்கு வந்தால் அதை அபூர்வம் என்றே கொள்ள வேண்டும்.

நகரத்தின் மறுமுனையில், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் அமைந்தது. வான்கார்டில் தொடங்கி, ஸ்டாண்டர்டு டென், 1961இல் ஹெரால்டு என்று முன்னேறியது. ஹெரால்டு இத்தாலிய வடிவமைப்பாளர் மிகெலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு, 948 சி.சி. எஞ்சின். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்றுபோன அந்தக் காருக்கு 1968இல் சென்னை நான்கு கதவு வைத்தது. உலகில் வேறெங்கும் செய்யப்படாத அந்த மார்க் 3 ஹெரால்டை வெளிநாட்டு டிரையம்ஃப் ரசிகர்களும் விசாரிக்கிறார்கள். 1972இல் வந்த கெஸல் அதன் வாரிசு. அதற்குப் பிறகு நிறுவனம் வெகுகாலம் கார் செய்யவில்லை. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு திரும்பி வந்தது. உடல் ரோவர் எஸ்.டி.1, எஞ்சினோ 1940களின் வான்கார்டு எஞ்சின் வம்சத்து 1,991 சி.சி. ஃபெர்குசன் டிராக்டரிலும் டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடிய அதே குடும்பம். விலை அதிகம், எண்ணெய் தாகமும் அதிகம். மூன்று ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. அன்று யாரும் வாங்காத கார் என்பதே இன்று அதைத் தேடவைக்கிறது. தோல்வியடைந்த மாடல்களுக்குச் சேகரிப்பு உலகில் இந்த விதி பல தடவை வாய்த்திருக்கிறது.

திருவொற்றியூரின் பங்கு இருசக்கரம். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, 350 சி.சி. புல்லட்டை இங்கே பூட்டின. பிறந்த நாட்டில் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் இங்கே அந்த வண்டி நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சட்டத்தின் கண்ணில் பழைய புல்லட்டும் பழைய காரும் ஒரே விதிக்குள் வருபவை.

மேற்கே, திருவள்ளூரின் ஆலை வயதில் இளையது. அம்பாசிடரைத் தந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து இங்கே 1998இல் லான்சரை வெளியிட்டது. அம்பாசிடர் பிறந்தது மேற்கு வங்கத்து உத்தர்பாராவில். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடலோடு 1957இல் தொடங்கி 2014 மே மாதம் வரை அங்கேயே வந்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகள், இரண்டு யுகங்கள். உத்தர்பாராவில் சுத்தியலும் கைப்பழக்கமும். திருவள்ளூரில் ஜப்பானிய முறை. லான்சரும் அதன் பின்வந்த செடியாவும் இந்திய ராலிகளில் வெகுகாலம் கோலோச்சின. மாற்றம் செய்யாத, ஒரே கையில் இருந்த முதல் ஆண்டு லான்சரைப் பத்திரப்படுத்த வேண்டிய நேரம் இதுதான். மலிவாகக் கிடைக்கும் காலத்தில் கவனிக்கப்படாமல் அழிந்து, கிடைக்காமல் போன பிறகு தேடப்படுவதே நம் கார்களின் தலையெழுத்தாக இருந்துவருகிறது.

சோழவரத்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியின் கார் வரலாறு முடியாது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் திடலாக்கியது. ஹெரால்டு, ஃபியட், அம்பாசிடர் எல்லாம் எஞ்சின் கடைந்து, இருக்கை கழற்றி, எடை குறைத்து ஓடின. கோவை கரிவரதன் போன்றவர்கள் தாங்களே கட்டிய வண்டிகளோடு வந்தார்கள். 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்ததும் சோழவரத்தில் ஓசை அடங்கியது. அங்கே ஓடிய கார் என்பதற்குப் புகைப்படமோ பந்தயத் தாளோ இருந்தால், அந்தக் காரின் மதிப்பு பல மடங்கு கூடும். ஆனால் பந்தயத்துக்காக மாற்றப்பட்ட கார் என்பதாலேயே, பின்னே சொல்லப்போகும் சட்டத்தில் அதற்குச் சிக்கல் வரும்.

கார்கள் பிறந்த அளவுக்கு இந்த வட்டாரத்தில் அழிந்தும் போயின. ஓட்டம் நின்ற வண்டி முதலில் புதுப்பேட்டைக்குப் போகும். அங்கே கதவு, டைனமோ, கியர்பாக்ஸ் என்று கழற்றப்பட்டு, மிஞ்சிய கூடு காயலான் கடைத் தகரமாகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள மின்தூண்டல் உலைகள் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி ஆக்குகின்றன. வீட்டுத் தூணுக்குள் ஒரு கெஸலின் பானெட் இருக்கக்கூடும். கழற்றிவைத்த உதிரிகளே மிஞ்சிய கார்களை ஓடவைக்கின்றன என்பதால் புதுப்பேட்டையை வில்லனாக்குவது நியாயமில்லை. ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் கை ஒன்றை அடையாளம் கண்டு எடுத்துத் தரக்கூடிய ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இன்று விற்பனைக்கு வருபவற்றில் அம்பாசிடரும், பம்பாய் பிரீமியர் ஆலையின் ஃபியட் 1100, பத்மினி ரகங்களும் ஏராளம். அவற்றுக்கு டயர் முதல் ரப்பர் பீடிங் வரை கிடைக்கும். முதல் முறை வாங்குபவர் அங்கிருந்து தொடங்குவதே நல்லது. காண்டெஸா 1984 முதல் 2002 வரை வந்த கார். இளைஞர்களிடையே அதற்குத் தனி மோகம். ஹெரால்டு நடுத்தரம். ஆஸ்டின், வான்கார்டு, மாரிஸ் மைனர் ஆகியவை எப்போதோ ஒருமுறை, பெரும்பாலும் குடும்பத்துக்குள் சொத்துப் பிரிக்கும்போது வெளியே வருகின்றன.

வாங்கப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புக். அதில் எழுதியுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உலோகத்தில் பொறித்தவையோடு ஒத்துப்போக வேண்டும். எழுத்தின் ஆழம் ஒரே சீராக உள்ளதா, சுற்றிலும் அரம் போட்ட தடம் தெரிகிறதா, தகடு புதிய ரிவெட்டில் நிற்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்ப்பது அவசியம். எஞ்சின் மாறியிருப்பது தவறல்ல. அறுபது ஆண்டு ஓடிய காரில் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாறியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. 1989க்கு முந்தைய கார்கள் எம்.எஸ்., டி.எம். போன்ற எழுத்துகளில் தொடங்கும் எண் தாங்கியவை. தியாகராய நகர் நினைவில்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டி.எம்.எக்ஸ். 4777 அந்தக் கால எண். 1960களின் கார் என்று சொல்லி டி.என். 20 எண்ணோடு ஒரு வண்டி வந்தால், அது எப்போது, எந்த மாநிலத்திலிருந்து, எதற்காக மறுபதிவானது என்று கேட்க வேண்டும். பழைய வரி ரசீது, காப்பீட்டுத் தாள், சர்வீஸ் பில், கல்யாணத்தில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் எல்லாமே சாட்சிதான். இங்கிலாந்தில் முழுதாகச் செய்து இறக்குமதியான காருக்கு அங்கே ஆவணம் கேட்டு வாங்கலாம். கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஆஸ்டின், மாரிஸ் போன்ற கார்களுக்கு உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. ரோல்ஸ் ராய்ஸ் ரசிகர் சங்கத்திடம் சேஸிஸ் அட்டைகள் உள்ளன. சென்னையில் பூட்டப்பட்ட காருக்குப் பெரும்பாலும் வீட்டு அலமாரிக் காகிதங்களே துணை. அவற்றைக் காரோடு சேர்த்து விற்காமல் குப்பையில் போடுவது வரலாற்றைக் கிழிப்பதாகும்.

அடுத்தது உடல். எண்ணூர், பழவேற்காடு உப்புக்காற்றில் நின்ற காருக்குத் துருவே முதல் எதிரி. அம்பாசிடரும் ஃபியட்டும் தனிச் சட்டம் இல்லாதவை. தகர உடலே எலும்பு. ஆகவே கதவுக்குக் கீழுள்ள சில், தரை, டிக்கியின் அடித்தகடு, பேட்டரித் தட்டு ஆகியவற்றில் துரு வந்தால் அது அழகுப் பிரச்சினையாக நிற்காமல் காரின் பலத்தையே தின்னும். ஹெரால்டு, ஏ40, முதல் வான்கார்டு ஆகியவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு. உடலைக் கழற்றிச் சரிசெய்யலாம். ஆனால் ஹெரால்டின் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போகும். காந்தம் ஒன்றைக் கையில் வைத்து உடலெங்கும் ஓட்டிப் பார்த்தால் எங்கே தகரம், எங்கே பட்டி என்று தெரிந்துவிடும். புதுப் பெயின்ட் அடித்து மின்னும் காரைவிட, வெயிலில் மங்கிய பழைய பெயின்ட்டோடு நேர்மையாக நிற்கும் காரை அனுபவசாலிகள் விரும்புவதற்கு இதுதான் காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் கைமாறியிருக்கின்றன. இருக்கைக்கு அடியிலும் விளக்குக் கிண்ணத்திலும் காய்ந்த வண்டல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சினைப் பொறுத்தவரை நம் ஊர் லேத் பட்டறைகள் பெரிய பலம். ஸ்லீவ் போடுவது, கிராங்க் கடைவது, இல்லாத புஷ்ஷை வார்ப்பது எல்லாம் நடக்கிற காரியம். கவனிக்க வேண்டியது எரிபொருள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. ஈயத்தின் மசகை நம்பிய பழைய வார்ப்பிரும்புத் தலைகளில், வேகமாக ஓட்டினால் வால்வ் உட்காரும் இடம் தேய்ந்து இறங்கும். தலையைப் பிரிக்கும்போது கடினமான உலோக வளையம் பொருத்துவது நிரந்தரத் தீர்வு. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்னொரு தொல்லை. பழைய ரப்பர்க் குழாயை ஊதச்செய்து இளக்கும். ஈரத்தை இழுத்து டேங்க்கையும் கார்ப்பரேட்டரையும் அரிக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, மாதக்கணக்கில் நிறுத்தும் முன் டேங்க்கைக் காலிசெய்வது நல்லது. மின்சாரத்திலும் ஒரு கண்ணி உண்டு. அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். தெரியாமல் மாற்றிப் பூட்டினால் டைனமோவும் ரெகுலேட்டரும் பழுதாகும்.

சரியான காரை எப்படி அடையாளம் காண்பது என்று கண்ணைப் பழக்க, கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியமும், 2023இல் திறக்கப்பட்ட சென்னை வடபழனி ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியமும் உதவும். சின்னம், கைப்பிடி, டேஷ்போர்டு முகப்பு, சீட் தையல் ஆகியவற்றை அங்கே படம் பிடித்துவைத்துக்கொண்டு, வாங்கப்போகும் காரோடு ஒப்பிடலாம்.

சட்டம் பழைய காருக்கு வைக்கும் வயது இடத்துக்கு இடம் வேறுபடும். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பு 30 ஆண்டைப் போதும் என்கிறது. இந்திய மோட்டார் காப்பீட்டுத் தாரிஃப், 1940க்குள் செய்யப்பட்டு வின்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று பெற்ற காரை வின்டேஜ் என்று கொண்டு, சொந்தச் சேத பிரீமியத்தில் 25 சதவீதம் தள்ளுபடி வைத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட பிரிவோ, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை வின்டேஜ் என்கிறது. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. சோழவரத்தில் ஓடிய ஹெரால்டு தடுக்கப்படுவது இங்கேதான். அந்தக் கால மாற்றங்களும் வரலாறே என்று ஏற்கும் ஒரு பிரிவு விதியில் இடம்பெற வேண்டும்.

புதிதாக வின்டேஜ் பதிவு கேட்பவர் படிவம் 20, காப்பீடு, பழைய ஆர்.சி., இறக்குமதியான கார் என்றால் அதன் ரசீது ஆகியவற்றோடு பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 5 ஆண்டு. மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்.எக்ஸ். போன்ற எண்களின் மீது பற்றுள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பதிவான காரைக் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை.

15 ஆண்டுக்கும் 50 ஆண்டுக்கும் நடுவில் நிற்கும் கார்களின் நிலை கடினம். காண்டெஸா, ஸ்டாண்டர்டு 2000, பிந்தைய பத்மினி, திருவள்ளூர் லான்சர் எல்லாம் இந்த இடைவெளியில் உள்ளவை. சட்டம் அவற்றைச் சாதாரணப் பழைய வண்டியாகவே நடத்துகிறது. 15 ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இறக்குமதிக் காருக்கு 15,000 என்பது 40,000 ஆனது. 1998இன் லான்சருக்கு உலக அமைப்பின் கணக்கில் 2028இல் வயது வந்துவிடும். இந்திய விதிப்படி 2048 வரை காத்திருக்க வேண்டும். அந்த இருபது ஆண்டுகளில் எத்தனை லான்சர்கள் உலைக்குப் போகாமல் மிஞ்சும் என்பதை உரிமையாளர்களின் பொறுமையே தீர்மானிக்கும்.

விலை பேசி முடித்ததும், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் தேவை; கார் வேறு மாநிலத்தில் பதிவானது என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று தேவை. விற்பவர் இறந்தவரின் வாரிசு என்றால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே வாங்குவது பாதுகாப்பு. பழைய கடன் பதிவு ஆர்.சி.யில் ரத்தாகாமல் இருப்பதும் அடிக்கடி நடப்பது. அதற்குக் கடன் தந்த வங்கியின் சான்று தேவைப்படும். காப்பீடு எடுக்கையில், தேய்மானம் கழித்த விலையை ஏற்றுக்கொண்டால் கையில் ஒன்றும் கிடைக்காது. மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு, இருதரப்பும் ஒப்புக்கொண்ட தொகைக்குப் பாலிசி எழுதித் தரக் கேட்க வேண்டும். அந்த அறிக்கையும் பெயர் மாற்றத் தாளும் முன்னைய காகிதங்களோடு ஒரே கோப்பில் சேர வேண்டும்.